லெட்ஜர் எந்தத் தேதியில் மூடப்படும்?

2010 மார்ச் 31 வரை இந்திய வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட ஒரு விசித்திரமான விதி இருந்தது. மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் கணக்கில் மிகக் குறைவாக எவ்வளவு இருந்ததோ, அதற்கு மட்டும்தான் அந்த மாதத்து வட்டி. ஐம்பதாயிரம் ரூபாயை 11-ஆம் தேதி கட்டினால் அதற்கு அந்த மாதம் ஒரு பைசா கிடையாது. 5-ஆம் தேதி கட்டி 25-ஆம் தேதி எடுத்தாலும் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் பத்தாம் தேதிக்குள் வங்கிக்கு ஓடுவார்கள். 2010 ஏப்ரல் 1 முதல்தான் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

வாடிக்கையாளரை ஏமாற்ற யாரோ உட்கார்ந்து யோசித்த விதி என்று இதை நினைக்க வேண்டாம். பேனாவால் கணக்கு எழுதும் மனிதரால் ஒவ்வொரு கணக்குக்கும் மாதம் ஒரு எண்ணைத்தான் தேடிக் குறிக்க முடியும். முப்பது நாளுக்கு முப்பது எண் என்றால், சில ஆயிரம் கணக்குகள் உள்ள கிளையில் அது நடக்காத காரியம். ஊழியரின் கை எவ்வளவு தாங்குமோ அதுவரைக்கும்தான் வட்டி விதி போயிற்று.

அந்தக் கை கணினிக்குப் பழகியது எப்படி என்பது இந்திய அலுவலகங்களின் வரலாற்றிலேயே நன்கு பதிவான கதைகளில் ஒன்று. 1983-இல் முதல் பெரிய ஒப்பந்தம். எல்லாக் கிளைகளும் ஒரே மென்பொருளில் இணைந்தது, பாரத ஸ்டேட் வங்கியின் கணக்குப்படி, 2008-இல். கால் நூற்றாண்டு. இன்று ஒவ்வொரு துறையிலும் ஒரு செயலியை அறிமுகப்படுத்தி, இரண்டு மணி நேரப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் கழித்து "ஊழியர்கள் ஒத்துழைப்பதில்லை" என்று குறிப்பு எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பை எழுதும் முன் இந்தக் கதையைப் பார்ப்பது நல்லது.

ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பழைய வங்கிக் கிளையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லெட்ஜர் என்ற கனமான கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கம். காசோலையை நீட்டினால் எழுத்தர் பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். லெட்ஜரைப் புரட்டி, இருப்பு பார்த்து, பற்று எழுதி, புது இருப்பைக் குறிப்பார். அது அதிகாரி மேசைக்குப் போகும். அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுச் சுருக்கொப்பம் இடுவார். பிறகு காசாளர். பிறகுதான் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் அன்றைய வவுச்சர்களைப் பிரித்து, டே புக் எழுதி, பற்றும் வரவும் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இது தினசரிப் பாடு. இதைவிடப் பெரிய பாடு பேலன்ஸிங். ஒரு லெட்ஜரில் உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பையும் தனித்தாளில் வரிசையாக எழுதிக் கூட்டினால், பொது லெட்ஜரில் அந்தத் தலைப்பின் கீழ் உள்ள தொகை வர வேண்டும். பெரும்பாலும் வராது. நூறு ரூபாய் உதைக்கும், அல்லது முப்பத்தாறு பைசா உதைக்கும். அந்த வித்தியாசத்தைத் தேடுவது ஒரு தனிக் கலை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், யாரோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள்: 540-ஐ 450 என்று எழுதினால் 90 உதைக்கும். இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேட வேண்டும், வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டிருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி போடும் நாட்களில் கிளை முழுக்க ராத்திரி வரை விளக்கு எரியும்.

இந்தக் கலையில் தேர்ந்த எழுத்தர் ஒருவர் எல்லாக் கிளையிலும் இருந்தார். நீளமான எண் வரிசையை விரலால் கீழே இழுத்துக்கொண்டே மனதுக்குள் கூட்டிவிடுவார். மேலாளரே அவர் மேசைக்கு வந்து "கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பார். பதவி எழுத்தர்தான், ஆனால் அவர் இல்லாமல் கிளை ஓடாது. கணினி வந்தால் இவருக்கு என்ன ஆகும்? வேலை போகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முந்தைய நாள் வரை ஊரே கேட்டு வந்த ஆள், மறுநாள் காலையில் இரு விரலால் எழுத்தைத் தேடித் தட்டும் கற்றுக்குட்டி. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பது நேற்றுச் சேர்ந்த பையன். டிஜிட்டல் மாற்றம் பற்றிய கருத்தரங்குகளில் "மனத்தடை" என்று ஒற்றைச் சொல்லில் கடந்து போவது பெரும்பாலும் இந்த இழப்பைத்தான்.

கேலி செய்யப்பட்ட ஒப்பந்தங்கள்

அலுவலகக் கணினிக்கு எதிர்ப்பு வங்கிகளில் தொடங்கவில்லை. 1960-களிலேயே எல்ஐசி கணினி வாங்கியபோது, கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்ற கட்டடத்தில் அது நுழைந்துவிடாதபடி ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், நூறு பேர் செய்வதை ஒரு இயந்திரம் செய்யும் என்று விளம்பரப்படுத்திவிட்டு அதை வரவேற்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

வங்கிகளில் விஷயம் வேறு பாதையில் போயிற்று. 1983 செப்டம்பர் 8-இல் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் குறித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு 1984-இல் அறிக்கை தந்தது. அவர் தலைமையிலேயே இரண்டாவது குழு 1988-இல் வந்தது. 1993 அக்டோபர் 29-இல் அடுத்த முக்கிய ஒப்பந்தம். எந்த மாதிரி இயந்திரம், எங்கே, எந்த அளவுக்கு என்பதெல்லாம் பேரம் பேசி முடிவானது. ஆட்குறைப்பு இல்லை என்பதும், இயந்திரத்தை இயக்குபவருக்குத் தனிப் படி என்பதும் எழுத்தில் வந்தன. கிளைகளில் முதலில் நுழைந்த கருவிக்குப் பெயர் அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின், சுருக்கமாக ஏஎல்பிஎம். பெயரில் கணினி என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

இதையெல்லாம் தொழிற்சங்க முரட்டுத்தனத்துக்கு உதாரணமாக இன்றும் கிண்டலாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. இயந்திரம் வந்தால் என் வேலை என்னவாகும், சம்பளம் என்னவாகும், யார் அதை இயக்குவார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுத்தில் இருந்தது. பிடிக்காவிட்டாலும் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று ஊழியருக்குத் தெரிந்தது. இன்று ஒரு செயலியை அமல்படுத்தும் சுற்றறிக்கையில் இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஆனால் இந்த நிதானத்துக்கு வாடிக்கையாளர் விலை கொடுத்தார் என்பதும் உண்மை. 1994-இல் தொடங்கிய ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி போன்ற புதிய தனியார் வங்கிகள் பிறக்கும்போதே கணினியோடு பிறந்தன. அவற்றுக்கு மூடுவதற்கு லெட்ஜர் இல்லை, சமாதானப்படுத்தப் பழைய ஆட்களும் இல்லை. பொதுத்துறை வங்கிகளில் வேகம் போதாமல், ஊழல் தடுப்பைக் காரணம் காட்டி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டலே தலையிட்டு, 2001 ஜனவரி 1-க்குள் பெரும்பகுதி வணிகம் கணினிக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைக்க நேர்ந்தது.

ஏஎல்பிஎம் காலத்தை ஊழியர்கள் யாரும் ஆசையோடு நினைவுகூர்வதில்லை. காரணம் எளிமையானது. இயந்திரத்திலும் பதிய வேண்டும், சரியாக ஏறியிருக்கிறதா என்று கையால் எழுதியதோடு ஒப்பிடவும் வேண்டும். கிளைக்குக் கிளை வேறு மென்பொருள். மாற்றலாகிப் போனால் மறுபடியும் அரிச்சுவடி. அந்தக் கட்டத்தில் கணினி என்பது கூடுதல் வேலையின் இன்னொரு பெயராகவே இருந்தது.

திருப்பம் கோர் பேங்கிங்கில், அதாவது எல்லாக் கிளைகளின் கணக்குகளும் ஒரே மைய அமைப்பில் இருக்கும் முறையில், வந்தது. பாரத ஸ்டேட் வங்கி 2003-இல் டிசிஎஸ் நிறுவனத்தின் துணையோடு கிளைகளை மைய அமைப்பில் இணைக்கத் தொடங்கி 2008-இல் முடித்தது. பழைய கணக்குகளை நேர்செய்து ஏற்றும் மைக்ரேஷன் நாட்கள் கொடுமையானவை. முதல் வாரங்களில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்ட கேள்விகள் அதைவிடக் கொடுமை. ஆனால் அது முடிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். பேலன்ஸிங் ஒழிந்தது. வட்டி போடும் ராத்திரிகள் ஒழிந்தன. எந்தக் கிளைக்கு மாற்றினாலும் அதே திரை. ஊழியருக்கே பாரமாக இருந்த வேலைகள், இருந்த சுவடு தெரியாமல் போயின. அதற்குப் பிறகு பழையபடி லெட்ஜர் வேண்டும் என்று எந்த ஊழியரும் கேட்டதில்லை. இருபது ஆண்டுப் பயிற்சி முகாம்களால் ஆகாததை, லெட்ஜர் மூடப்பட்ட அந்த ஒரு நாள் செய்தது.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணியும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு மென்பொருளை ஊழியர் ஏற்றுக்கொள்வது இரண்டு கணிப்புகளைப் பொறுத்தது என்றது. இது என் வேலைக்கு உதவுமா என்பது ஒன்று. கையாள எளிதா என்பது மற்றொன்று. இரண்டில் முதலாவதுதான் வலுவானது என்று அவருடைய தரவுகள் காட்டின. கடினமான கருவியாக இருந்தாலும் பிரயோஜனம் இருந்தால் மல்லுக்கட்டிக் கற்றுக்கொள்வார்கள். எவ்வளவு எளிதாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லாததைத் தொட மாட்டார்கள். நம் நிறுவனங்களின் பயிற்சிப் பணமெல்லாம் இரண்டாவது கேள்விக்கே செலவாகிறது என்பதுதான் வேடிக்கை.

இரட்டை வேலை

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்வார். ஒவ்வொரு கர்ப்பிணியையும் பிக்மி என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். தாய்க்கு எண் கிடைப்பதும், மகப்பேறு நிதியுதவி கிடைப்பதும், பின்னால் குழந்தையின் பிறப்புப் பதிவும் அதை ஒட்டியே நடக்கின்றன. பயனுள்ள அமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் பதிவேடுகளும் தொடர்கின்றன. பகலில் வீடு வீடாகப் போனது பதிவேட்டில், இரவில் அதே விவரம் கணினியில். பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தைப் பற்றி ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சொன்ன புகாரும் இதுவே: கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றம் தின்கிறது. கடைசியில் பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கென்று நியமித்தவர்களிடம் எமிஸ் பணியை ஒப்படைக்கும் முடிவுக்குக் கல்வித் துறை வந்தது. ஆசிரியர்கள் கணினி பழகிவிடுவார்கள் என்று காத்திருந்ததைவிட அது உருப்படியான முடிவு.

இரட்டை வேலை அலுப்பு மட்டும் தருவதில்லை, ஆபத்தும் தரும். 2018-இல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் ₹13,000 கோடிக்கு மேல் போனதற்கு ஒரு முக்கிய வழி, வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு கோர் பேங்கிங்கோடு இணைக்கப்படாமல் இருந்தது. ஒன்றில் போட்டதை மற்றொன்றில் ஓர் ஊழியர் கையால் போட வேண்டும். போடாமல் விட்டால் வங்கியின் கணக்கிலேயே அது தெரியாது. இரண்டு கணினிகளுக்கு நடுவில் மனிதரைப் பாலமாக நிறுத்தினால் பாலம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் கையில்.

பழைய முறையை ஏன் யாரும் நிறுத்துவதில்லை? பயம்தான். தணிக்கைக்கு வருபவர் பதிவேட்டைக் கேட்பார். மேலதிகாரி "பிரின்ட் எடுத்து வையுங்கள்" என்பார். மின்-அலுவலகத்தில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும்போதே, அதன் அச்சுப் பிரதி நாடா போட்டுக் கட்டப்பட்டு மேசைக்கு வரும். மேலே இருப்பவர் திரையைப் பார்த்துக் கையெழுத்திடும் வரை கீழே இருப்பவர் திரையை நம்ப மாட்டார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகமும் அதற்குப் பயிற்சி நடத்தவில்லை, சுற்றறிக்கை விடவில்லை. ஆனால் வட்டார அலுவலகம் முதல் ஆட்சியர் அலுவலகம் வரை பாதி நிர்வாகம் அதில்தான் நடக்கிறது. மேலதிகாரி அங்கே இருக்கிறார், கேட்டால் உடனே பதில் வருகிறது, வேறெங்கும் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஊழியர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்ற வாதம் இங்கே முடிந்துவிடுகிறது. துபாயில் இருக்கும் மகனோடு தினமும் வீடியோவில் பேசும் அம்மாவுக்குத்தான் அலுவலகத்தில் "டிஜிட்டல் விழிப்புணர்வு" வகுப்பு எடுக்கிறோம். அலுவலகக் குழுவின் செய்தி ராத்திரி பத்தரைக்கும் வருகிறது என்பது வேறு வழக்கு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

யாருக்காக இந்தக் கருவி?

சில கருவிகளைப் பார்த்ததுமே அவை ஊழியருக்கு உதவ வந்தவையா, ஊழியரைக் கண்காணிக்க வந்தவையா என்பது தெரிந்துவிடும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021-இல் அறிமுகமான என்எம்எம்எஸ் செயலி அந்த இரண்டாவது வகை. பணித்தளத்தில் காலையிலும் பிற்பகலிலும் வேலை செய்பவர்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயம். போலி வருகைப்பதிவைத் தடுப்பது நோக்கம். சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு வேலை செய்தவர்களின் நாட்கூலி படம் ஏறுவதைப் பொறுத்து நிற்பது, பணித்தளப் பொறுப்பாளரின் அன்றாட அனுபவம்.

பலன்? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் அதில் பட்டியல் இருந்தது. தீர்வாக, ஏறும் படங்களை ஊராட்சி மட்டத்தில் ஆட்களே சரிபார்க்க வேண்டும் என்றது. மனிதரை நம்பாமல் செயலி, செயலியை நம்பாமல் மறுபடி மனிதர். படத்தையே படம் பிடித்தவர் செய்தது முறைகேடு, அதில் இரண்டு கருத்தில்லை. ஆனாலும் அந்தச் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். செயலியின் பலவீனம் எங்கே என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களுக்குக் கருவி நன்றாகவே கைவந்திருக்கிறது.

கண்காணிப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. கர்நாடகத்தில் 2000-களின் தொடக்கத்தில் நில ஆவணங்களைக் கணினியாக்கிய பூமி திட்டத்திலும் கண்காணிப்பு உண்டு. பட்டா மாறுதல் கோரிக்கைகளை வந்த வரிசைப்படிதான் எடுக்க முடியும், அதிகாரி கைரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். கீழ்மட்டத்தில் அதிகாரம் குறைந்தது, எரிச்சலும் இருந்தது. ஆனால் கவுன்டருக்கு வந்த விவசாயிக்கு அங்கேயே நகல் கிடைத்தது. இடையில் யாருடைய தயவும் தேவைப்படவில்லை. கண்காணிப்பதால் யாருக்கு என்ன நன்மை என்பது கண்ணுக்குத் தெரிந்தால், அதைச் சகித்துக்கொள்ள ஒரு நியாயம் கிடைக்கிறது.

கணினி தவறு செய்தால்?

ஊழியரின் தயக்கத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத பகுதி இது. கணக்கு உதைத்தால் பழி யாருக்கு? லெட்ஜர் காலத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம், எந்தப் பக்கத்தில் யார் கையெழுத்து என்று காட்டலாம். திரையில் உதைத்தால் என்ன செய்வது?

பிரிட்டன் அஞ்சல் துறையின் அனுபவம் இதற்கு நடுங்க வைக்கும் பதில். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. அதில் இருந்த பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகள் திரையில் தோன்றின. கிளையை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை, கணினியில் ஏதோ தப்பு" என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்பார் இல்லை. கையில் இருந்ததைப் போட்டு ஈடுகட்டியவர்கள் உண்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்கள் உண்டு. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநர் தலைமையில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2019-இல்தான் மென்பொருள் நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் சொன்னது. 2024-இல் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

அங்கே கேட்டது புதியதைக் கண்டு மிரண்டவர்களின் முனகல் இல்லை. கணினி காட்டியது தவறு என்று கணினியின் முன் தினமும் உட்கார்ந்திருந்தவர்கள்தான் முதலில் சொன்னார்கள். புகாரைப் புகாராகப் பதிவுசெய்ய ஒரு வழியும், விசாரணை முடியும் வரை பழி ஊழியர் தலையில் விழாது என்ற உத்தரவாதமும் இல்லாத இடத்தில், "எல்லாவற்றையும் ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் பிற்போக்கானவர் இல்லை. விவரமானவர்.

விரலில் இருக்கும் மொழி

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அரசுத் தட்டச்சர்கள் லோயர், ஹையர் தேர்வுகளைத் தட்டச்சுப்பொறியில் எழுதித் தேறியவர்கள். அவர்கள் விரலில் பதிந்திருப்பது பழைய தட்டச்சு விசைப்பலகை. கணினி வந்தபோது வானவில் போன்ற எழுத்துருக்களில் அதே விசையமைப்பில் அடித்துத் தள்ளினார்கள். வேகத்தில் குறை வைக்கவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோட்) அரசு ஏற்றது. இரண்டும் சரியான முடிவுகள். தேடவும் இணையத்தில் ஏற்றவும் ஒருங்குறி இல்லாமல் முடியாது.

இருந்தும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அரசாணைகள் பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு, பிடிஎஃப் ஆகி, சொல் தேட முடியாத படங்களாகக் கிடந்தன. இதைச் சோம்பல் என்று எழுதிவிடலாம். ஆனால் தட்டச்சரின் இடத்தில் இருந்து பாருங்கள்: நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று தேர்வு வைத்து வேலை கொடுத்த அரசு, இப்போது அந்த வேகத்தை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வா என்கிறது. அதே நாளில் முடிக்க வேண்டிய கடிதங்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. நல்ல வேளையாக, ஒருங்குறியிலும் பழைய தட்டச்சு விசையமைப்பிலேயே அடிக்க உதவும் மென்பொருள்கள் வந்தன. விரலை மாற்றாமல் உள்ளே இருக்கும் குறியீட்டை மட்டும் மாற்றிய அந்த ஏற்பாடு, நூறு பயிற்சி வகுப்புகளுக்குச் சமம். ஊழியர் இருக்கும் இடத்துக்குக் கருவி இறங்கி வந்த அரிய சந்தர்ப்பம் அது.

பயிற்சி என்று வரும்போது எங்கும் எடுபடுவது ஒன்றுதான். கோர் பேங்கிங்குக்கு மாறும் கிளையில், ஏற்கெனவே மாறிய கிளையைச் சேர்ந்த ஊழியர்கள் வந்து சில நாட்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது, உண்மையான காசோலையை வைத்துக்கொண்டு, "இந்த மெனுவுக்குப் போ" என்று தன் வயதுக்காரர் சொல்வதும், மாநாட்டு அறையில் படக்காட்சி போட்டு நிறுவனத்து இளைஞர் சொல்வதும் ஒன்றாகாது. அந்த நாட்களில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதைக் கணக்கில் எடுத்து இலக்கைக் குறைக்காத நிர்வாகம், பயிற்சியை ஊழியரின் சொந்த நேரத்தில் தள்ளுகிறது.

கற்க முடியாதவர்கள் போன வழி

வங்கிக் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். 2000-2001-இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதில் வெளியேறினார்கள். எல்லோரும் கணினிக்குப் பயந்து போனவர்கள் என்று சொல்ல முடியாது. மகள் கல்யாணம், வீட்டுக் கடன், சொந்தத் தொழில் என்று ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் "இனிமேல் இந்த மெஷினோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது" என்று நினைத்தவர்களுக்கு, கையில் கணிசமான தொகையோடும் மரியாதையோடும் வெளியே போக ஒரு கதவு திறந்திருந்தது. கோர் பேங்கிங் வந்தபோது நாற்காலிகளில் இருந்தவர்கள், இருக்க முடிவு செய்தவர்கள். பொதுத்துறை வங்கிகளின் டிஜிட்டல் வெற்றிக்கதையை மேடையில் சொல்பவர்கள் இந்தக் கதவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று செயலிகளின் கனமெல்லாம் விழுவது அப்படி ஒரு கதவே இல்லாதவர்கள் மேல். அங்கன்வாடி ஊழியர்கள் தங்கள் பணி விவரங்களைப் பதிய வேண்டிய போஷன் டிராக்கர் செயலி 2021 மார்ச்சில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அவர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். 2 ஜிபி நினைவகம் கொண்ட கைபேசி சூடாகிறது, நின்றுவிடுகிறது, செயலியோ ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுப் பொட்டலத்துக்குப் பயனாளியின் முகத்தையும் செயலியில் சரிபார்க்க வேண்டும். மத்தியத் திட்டத்தின் பார்வையில் இவர்கள் மதிப்பூதியம் பெறும் கௌரவப் பணியாளர்கள். பணிக்கொடைக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 2022 ஏப்ரலில்தான் உரிமை பெற்றார்கள். 1983-இலும் 1993-இலும் வங்கி எழுத்தருக்கு எதிரில் உட்கார்ந்து கையெழுத்திட ஒரு தரப்பு இருந்தது. போஷன் டிராக்கரில் எந்தெந்தப் பதிவேடு எந்தத் தேதியோடு நிற்கும், கைபேசி பழுதானால் அன்றைய பதிவுக்கு யார் பொறுப்பு, செயலிக்குச் செலவாகும் நேரத்துக்கு என்ன கூலி என்று கேட்க இவர்கள் எந்த மேசைக்குப் போவது?